பலகைக்கு வாய் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ராயபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஹால் நிறைய வாத்தியார்கள் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தச் சிரிப்புக்குக் காரணமான ஆசாமி நான்தான். அது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரிந்ததுதான். சுவரில் 'வகுப்பு ஆரம்பம்' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தால் போதும், என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். போன வருஷம் ஹிந்துஸ்தானி. அதற்கு முன்னால் தெலுங்கு. நடுவில் மூன்றே வாரம் பிரெஞ்சு... இந்த மூன்றிலும் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிற அளவுக்குத் தேறியிருக்கிறேன். பதில் சொன்னால் புரியாது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. எனக்கு மொழி வராவிட்டாலும், மொழி சொல்லிக்கொடுக்கிறவர்களைக் கண்டால் ஒரு பிரமிப்பு. தெரியாத ஒரு சத்தத்தைத் தெரிந்த சத்தமாக்குகிறார்களே, அது என்ன சாமானியமான காரியமா? அதனால்தான் எங்கள் பட்டணத்தின் வடக்குப் பக்கத்து மொழி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை நடத்தும் கூட்டத்துக்கு எடுபிடி வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும், ஆபீஸ் இல்லாத ஒரே நாளையும் தாரை வார்த்துவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றேன்.

தமிழ்ப் பண்டிதர், தெலுங்கு வாத்தியார், இங்கிலீஷ் மாஸ்டர், உருது முன்ஷி என்று எல்லோரும் வருகிற கூட்டம் இது. வெறும் பிரசங்கம் கிடையாது. நிஜ மாணவர்களை அழைத்துவந்து நிஜப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முடிந்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி என்றா சொன்னேன்? உரித்து உப்புப் போடுவார்கள்!

என் வேலை: பெஞ்சு போடுவது, பானையில் தண்ணீர் நிரப்புவது, போர்டு துடைப்பது. கடைசி வேலையை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் முதல் நிகழ்ச்சி இங்கிலீஷ் மாஸ்டருடையது. உச்சரிப்புப் பழகக் கிராமபோன் பெட்டியே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு துரை மிக மரியாதையாக க்ஷேமம் விசாரித்தார். நாலாவது விசாரிப்பில் சாவி இறங்கிப்போய், துரையின் குரல் இழுத்து இழுத்துக் கிணற்றுக்குள் போய்விட்டது. "இப்போதான் நம்ம ஊர் இங்கிலீஷ் மாதிரி இருக்குது" என்றார் முன்ஷி, தாடியைத் தடவிக்கொண்டே.

இரண்டாவது, கூட்டத்தின் தலைவரான பண்டிதரின் தீர்மானம். நாற்பது வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர், ஜரிகைத் தலைப்பாகைக்காரர். 'ஒரு மாணவருக்கு ஒரு புத்தகம். அது இல்லாமல் மொழிப்பாடம் நடத்த முடியாது' என்பது தீர்மானம். எல்லோரும் கை தட்டினார்கள். தீர்மானக் காகிதம் மேஜைமேல், கூஜாவுக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்தது.

மூன்றாவது, ரோஸம்மாள்.

பள்ளிக்கூடத்துக்கு அருகே, கல்மண்டபத்துப் பக்கம் அவள் வீடு. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். அவள் கூட்டம் நடந்த அதே பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தைகளுக்கு டீச்சர். வயது என்னைவிட ஒன்றிரண்டு குறைவாகத்தான் இருக்கும். வேலையைப் பார்த்தால் நம்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே இரண்டாம் வகுப்பு அறையில், ஹார்பரில் மூட்டை இறக்குகிற எட்டு ஆட்களுக்குத் தமிழ் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுக்கிறாள். எட்டும் எட்டுத் தூண்கள். குழந்தைகளுடைய பெஞ்சில் ஒருத்தருக்கும் முழங்கால் நுழையாது. எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள்.

ஆனால் பெற்றோர் சிலர் புகார் கொண்டுபோய்விட்டார்கள். மூட்டைக்காரர்கள் வந்து குந்துகிற இடத்தில் எங்கள் குழந்தைகளா? பீடி நாற்றம்... அறையெல்லாம் கலீஜ்... பள்ளிக்கூட மானேஜர் கண்டிப்பான மனிதர். ரோஸம்மாளைக் கூப்பிட்டு ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "கூட்டத்தில் பாடம் நடத்திக் காட்டு, பிரயோஜனமான வகுப்பு என்று ஆசிரியர்கள் சொன்னால் நடத்து, இல்லையென்றால் அன்றைக்கே அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிடு."

சாவி போனால் வகுப்பு எங்கே நடக்கும்? கடற்கரையில் காற்று சிலேட்டையே தூக்கிக்கொண்டு போகும். அவர்கள் வீடுகளோ ஒற்றை அறை. அதில் சமையல், தூக்கம், தொட்டில், பாதிநாள் மாமியார்... சாவி போனால் வகுப்பே போயிற்று என்று அர்த்தம்.

அவள் பாடம் நடத்தும் விதத்தைச் சொன்னால்தான் மேலே நடந்தது புரியும்.

எட்டுப் பேரில் சூசை என்று ஒருவர். நாற்பது வயசு இருக்கும். ஹார்பர் ஷெட் வாசலில் நின்று, முதுகில் மூட்டையோடு வருகிற ஒவ்வொருவனையும் எந்த அட்டிக்கு, அதாவது எந்த மூட்டை அடுக்குக்குப் போக வேண்டும் என்று திருப்பிவிடுவது அவர் வேலை. மூட்டையின்மேல் தாரால் மார்க்கா போட்டிருக்கும். அதைப் பார்த்து, மூச்சு விடுகிற நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். சூசைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மார்க்கா எல்லாம் தெரியும். இங்கிலீஷ் எழுத்துகளுக்குத் தாங்களே பெயர் வைத்திருக்கிறார்கள் — வளையல், ஏணி, புழு, சுத்தி. நாலு மூலைக் கட்டத்துக்குக் காத்தாடி என்று பெயர். "காத்தாடிக்குள்ள ஏணி, மூணாவது அட்டி" என்றால் மூட்டை சரியாக அங்கே போய்ச் சேரும்.

மூட்டை என்ன, எப்போதும் நிமிர்ந்தா வருகிறது? தலைகீழாக வரும், படுத்து வரும், சாய்ந்து வரும். எப்படி வந்தாலும் ஏணி ஏணிதான், புழு புழுதான்.

முதல் ஞாயிறு ரோஸம்மாள் சிலேட்டில் 'ப' எழுதிக் கொடுத்தாள். சூசை ரொம்ப அழகாக எழுதினார் — கவிழ்த்துப்போட்டு. அடுத்த தடவை படுக்கப்போட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பன் வேறு ஒரு பக்கம் சாய்த்து. எட்டுப் பேரும் எட்டுத் திசையில்! தப்பு என்றாள் அவள். சூசைக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர் கண்ணுக்கு 'ப' ஒரு பெட்டி.

"பொட்டி கவுந்து கெடந்தா, பொட்டி இல்லாம பூடுமா டீச்சரம்மா?" என்று கேட்டாராம்.

என்ன பதில் சொல்வீர்கள்?

இரண்டு வாரம் திருத்தித் திருத்தி அலுத்துப்போனாள். ஒருநாள் ஹார்பரில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, தற்செயலாக சூசை வேலை செய்வதைப் பார்த்திருக்கிறாள். அங்கே இரண்டு மார்க்கா இருந்தன. ஒன்றைத் திருப்பிப் பிடித்தால் இன்னொன்று. அந்த மூட்டைகள் வரும்போது மட்டும் சூசை மார்க்காவைப் பார்க்கவில்லை. முதலில் மூட்டையின் ஓரத்தைப் பார்த்தார், பிறகுதான் அட்டி சொன்னார். ஏன் என்று கேட்டாள்.

"மூட்டைக்கு வாய் கீதில்ல? கோணி ஊசி போட்டுத் தெச்ச வாய். அது எங்க கீதோ அதான் மேலு. உன் சிலேட்டுக்கு வாயே இல்லியே டீச்சரம்மா, நான் இன்னாத்தக் கண்டேன்?"

அடுத்த ஞாயிறு எட்டு சிலேட்டின் மேல் விளிம்பிலும், கோணித் தையல் மாதிரி வரிசையாகக் குறுக்குக் கோடு போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான். எட்டுப் பேரின் எழுத்தும் அன்றைக்கே எழுந்து நின்றுவிட்டது.

இதற்குப் பெயர்தானே பாடம் நடத்துவது? மாணவனுக்குத் தெரியாததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அவனுக்குத் தெரிந்தது எது என்று, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

இனி என் கதை. கூட்டத்தன்று ரோஸம்மாள் விடிந்ததும் வந்து, ஹால் போர்டின் மேல் விளிம்பு நெடுக அந்தத் தையலைப் போட்டு வைத்துவிட்டு, மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து நான் வந்தேன். யாரோ குழந்தைகள் கிறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, ஈரத்துணியால் பளபளவென்று துடைத்தேன். துடைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று என் கைவரிசையைப் பார்த்து ரசித்தும்கொண்டேன்.

காலையில் போட்ட தையல் இருக்கும் என்ற நம்பிக்கையில், போர்டைத் திரும்பிப் பார்க்காமலே ரோஸம்மாள் மேடை ஏறினாள். எட்டுப் பேரும் வெள்ளை வேட்டியில், எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு, கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் நின்றார்கள். "சூசையண்ணே, 'படகு'ன்னு எழுதுங்க" என்றாள்.

சூசை சாக்பீஸை வாங்கிக்கொண்டு போர்டின் முன்னால் போய் நின்றார். மேலே பார்த்தார். வலது ஓரம், இடது ஓரம் பார்த்தார். குனிந்து, அடிவிளிம்பைக்கூடப் பார்த்தார். பிறகு திரும்பிக் கேட்டார்:

"டீச்சரம்மா, இந்தப் பலகைக்கு வாய் எங்க கீது?"

அப்போதுதான் நான் சொன்ன அந்தச் சிரிப்பு. "அண்ணாத்தே, பலகை ஊமை போல கீது, நீ எளுது" என்று குப்பன் பின்னாலிருந்து முணுமுணுத்தான். சூசை எழுதினார். 'ப' கவிழ்ந்து கிடந்தது. 'ட' மல்லாந்து படுத்திருந்தது. 'கு' எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதற்கே தெரியாது. ஹால் இன்னும் பலமாகச் சிரித்தது.

முன்வரிசையில் மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ரோஸம்மாளின் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில்தான் சாவி முடிந்திருந்தது.

ரோஸம்மாளின் காது சிவந்துவிட்டது. சாக்பீஸை வாங்கினாள். போர்டின் மேல் விளிம்பு நெடுக, அவசரத்தில் கோணலும் மாணலுமாகத் தையல் போட்டாள். சூசை, தான் எழுதியதை உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'படகு' நிமிர்ந்து நின்றது — தார் பூசிய மார்க்கா மாதிரி தடித்த, அழகான எழுத்து. அவள் ஹாலைப் பார்த்துத் திரும்பி, ஷெட், மார்க்கா, தையல் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். சிரிப்பு அடங்கியது. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

பண்டிதர் எழுந்தார். "யுக்தி நன்றாயிருக்கிறது, அம்மா. ஆனால் தையல் இல்லாத பலகையில் இவர்கள் தலைகீழாகத்தானே எழுதுவார்கள்? ஊரில் உள்ள பலகைக்கெல்லாம் யார் போய்த் தையல் போடுவது?"

நியாயமான கேள்வி. தலைகள் ஆடின. மானேஜரின் தலையும்.

"கொஞ்ச நாளைக்குத்தாங்க ஐயா. அப்புறம் கை தானா பழகிடும்" என்றாள் ரோஸம்மாள். "ஆனா அவங்க கண்ணை மட்டும் நான் மாத்தப் போறதில்லை. அது அப்படியே இருக்கட்டும்."

"ஏனாம்?"

அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று அட்டையைக் கிழித்துப்போட்ட பழைய பாலபாடம். மேடையிலிருந்து இறங்கி, அதை ஹாலின் நடுவே தரையில் விரித்து வைத்தாள். எட்டுப் பேரும் வந்து அதைச் சுற்றி, முழங்கால் முழங்காலோடு இடிக்கக் குந்தினார்கள். ஒரே புத்தகம், எட்டுப் பக்கமும் ஆள்.

"ஆரம்பிங்க" என்றாள்.

நேராக உட்கார்ந்திருந்த சூசை முதல் வரி. அவருக்கு வலதுபுறம் இருந்தவர் இரண்டாவது வரி. அவருக்குப் புத்தகம் சாய்ந்து கிடக்கிறது. அதற்கடுத்தவர் மூன்றாவது வரி... எழுத்துக்கூட்டித்தான் படித்தார்கள், மெதுவாகத்தான். ஆனால் ஒருத்தராவது கழுத்தைத் திருப்பவில்லை. ஒருத்தராவது புத்தகத்தைத் தன் பக்கம் இழுக்கவில்லை. சூசைக்கு நேர் எதிரே, முழுத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்த குப்பன் தன் வரியைக் கடகடவென்று முடித்தான்.

"நேரா கீற நீயே அவ்ளோ நேரம் இஸ்துகினு கீறியே அண்ணாத்தே" என்றான்.

"வாய மூட்றா. உன் வரில மாடு, புல்லு. எனக்கு 'நிறையும்'னு வந்து மாட்டிக்கிச்சு."

வகுப்பில் புத்தகம் போதவில்லை என்று கால் மணி நேரம் முன்னால் கை தட்டியவர்கள் அத்தனை பேரும், எட்டிப் பார்க்க எழுந்து நின்றார்கள்.

பண்டிதர் மேடையைவிட்டு இறங்கி வந்தார். அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக்கொண்டு, குப்பனுக்கும் இன்னொருவருக்கும் நடுவில் இடம் கேட்டுத் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு வரி கொடுங்கள்."

கொடுத்தார்கள். அவர் இருந்த பக்கம் புத்தகம் தலைகீழ். நெற்றியைச் சுருக்கினார். கழுத்தை ஒடித்தார். தலைப்பாகை ஒரு பக்கமாகச் சரிந்தது. வரி நகரவில்லை. நாற்பது வருஷத் தமிழ், ஒரு திருப்பத்தில் மாயமாகிவிட்டது! சூசைக்குப் பாவமாக இருந்திருக்கும். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பக் கையை நீட்டினார்.

"திருப்பாதே அண்ணாத்தே" என்றான் குப்பன். "ஐயா பயகிக்கட்டும்."

சூசை புத்தகத்தைத் திருப்பவில்லை. காய்த்துப்போன தன் விரலை எழுத்தின் அடியில் வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். பண்டிதர், ஊருக்கெல்லாம் தமிழ் சொன்ன பண்டிதர், அந்த விரலைப் பார்த்துப் பின்னாலேயே சொன்னார். வரி முடிந்ததும் சூசை பழக்கதோஷத்தில், ரோஸம்மாள் சொல்வதுபோலவே, "நல்லா வருது" என்றுவிட்டார். சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பண்டிதருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

அவர் மேடைக்குத் திரும்பி, கூஜாவுக்கு அடியிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "தீர்மானம் இருக்கட்டும். ஒரு மாணவருக்கு ஒரு புத்தகம் வேண்டும்தான். அது வந்து சேருகிற வரைக்கும்..." என்றவர், தரையில் கிடந்த ஒற்றைப் புத்தகத்தைக் காட்டினார். "அடுத்த மாதக் கூட்டம் இந்தப் பெண்ணின் வகுப்பறையில். நாம் பார்க்கப் போகவில்லை, படிக்கப் போகிறோம்" என்றார்.

கூட்டம் கலைந்தது. மானேஜர் நேராக ரோஸம்மாளிடம் வந்து கையை நீட்டினார். "சாவி."

அவள் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மானேஜர் சாவியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்புக்காற்றில் இப்படியா துருப்பிடிக்க விடுவது? எண்ணெய் போட்டுத் தருகிறேன். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்." இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "பெஞ்சில் பீடி நாற்றம் வரக்கூடாது."

"பெஞ்சுல எவன் குந்தனான்?" என்றார் சூசை, அவர் காதுக்கு எட்டாத தூரம் போன பிறகு.

எனக்கு மனசு கேட்கவில்லை. சூசையையும் குப்பனையும் எதிர் டீக்கடைக்கு அழைத்துப்போய், போர்டைத் துடைத்த பாவி நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். குப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சூசை டீயை ஊதிக் குடித்துக்கொண்டே யோசித்தார்.

"வுடு நைனா. நீ தொடைக்காங்காட்டி நான் நேரா எளுதிட்டு எறங்கியிருப்பேன். அல்லாரும் கை தட்டிட்டு வூட்டுக்குப் போயிருப்பாங்க. பொஸ்தகம் பையவுட்டு வெளியவே வந்திருக்காது."

படித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். பெரிதாக ஏதோ வரும் என்று எதிர்பார்த்தேன். டிராமில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரைத் தானே படிக்க வேண்டுமாம். ஒரு தடவை யானைக்கவுனி போக வேண்டியவர் வேறு எங்கோ போய் இறங்கி, திரும்பி நடந்திருக்கிறார். "ஒவ்வொரு வாட்டியும் எங்க போவுது, எங்க போவுதுன்னு கேட்டுக்கினே கீறது பேஜாரு. கண்டக்டரு முறைக்கிறான்."

சரி, இனி நோட்டீஸ் சமாசாரம். மொழி சொல்லிக்கொடுக்கிறவர்களும் கற்றுக்கொள்கிறவர்களும் கவனிக்க வேண்டும். அடுத்த மாதத்து முதல் ஞாயிறு மத்தியானம், கல்மண்டபத்துக்கு வந்து ரோஸம்மாள் டீச்சர் வகுப்பு எங்கே என்று கேளுங்கள். எந்த மீன்காரம்மாளும் கை காட்டுவாள். அன்றைக்கு ஆசிரியர்கள் தரையில், எட்டுப் பேர் அவர்களுக்கு வாத்தியார்கள். பண்டிதர் முதல் வரிசையில் — அதாவது முதல் வட்டத்தில் — இடம் சொல்லி வைத்துவிட்டார். இங்கிலீஷ் மாஸ்டரும் கிராமபோனோடு வருகிறார், சாவி கொடுக்க முன்ஷி ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கடுத்த ஞாயிறு திருவொற்றியூரில் தெலுங்கு வாத்தியாரின் பேச்சுப் பயிற்சி. அதைப் பற்றி நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். கல்மண்டபத்துக்கு வருகிறவர்கள் எட்டுப் பேருக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்தால் போதும். போர்டை மட்டும் யாரும் துடைக்க வேண்டாம்.

அறைச் சாவி திங்கட்கிழமை வந்துவிட்டது. எண்ணெய் மினுமினுக்க, காகிதத்தில் சுற்றி. பூட்டு இப்போது தொட்டால் திறக்கிறதாம்.

இன்னொரு விஷயம். டிராமில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையை மடியில் விரித்துப் படிக்கிறீர்களா? எதிர்ப் பெஞ்சில் ஒருவர் உங்கள் மடியிலிருக்கும் பக்கத்தையே முறைத்துப் பார்க்கிறாரா? சட்டென்று மடக்கிவிடாதீர்கள்... அவர் இந்த வரியில்தான் இருப்பார்.